கூப்பிடாமல் தட்டியவள்

அந்தத் தெருவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று குரல் கொடுப்பார்கள். "அண்ணி" என்றோ "அத்தை" என்றோ "ஆனந்தவல்லி, இருக்கியா" என்றோ ஒரு குரல் வரும். வந்தவர் யார், என்ன உறவு, சும்மா வந்தாரா சண்டைக்கு வந்தாரா என்பது வரை அந்த ஒரு குரலிலேயே உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். கதவைத் தட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் தட்டுவார். வேறு யாரும் தட்டி அந்தத் தெரு பார்த்ததில்லை.

ஆனந்தவல்லிக்கு முதலில் போனது இடது காது. கொசு பறப்பது போல உள்ளே ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருந்து, ஒருநாள் அதுவும் நின்றது. பிறகு வலது காது, முறைவைத்து விடும் தண்ணீர் நின்றுபோன வாய்க்கால் வடிவது போல மெல்ல மெல்ல வடிந்தது. அவள் புருஷன் தியாகராசனுக்கு வெண்கலக் குரல். களத்துமேட்டில் நின்று பேசினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். அந்தக் குரல் ஒன்றுதான் கடைசிவரை அவளுக்கு எட்டியது. போன வருஷம் புரட்டாசியில் வரப்பில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சரிந்தார். அதோடு வீட்டில் சத்தம் என்பதே இல்லாமல் போனது.

காது போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஊரில் காது கேட்காதவர்களுக்குச் சொந்தப் பெயர் தங்காது. மேலக்கோடி வீட்டுக்காரரைச் சாகும்வரை 'டமாரம்' என்றுதான் அழைத்தார்கள். அவர் பிணத்தைத் தூக்கும்போதுகூட ஒருவன் "டமாரம் கனமா இருக்கே" என்றான். அது அவள் காது நன்றாகக் கேட்ட காலம். அதனால் யாராவது எதிரே நின்று வாயசைத்தால் சிரித்தாள், தலையாட்டினாள், அடுப்பில் வேலை இருப்பது போல உள்ளே போனாள். குத்தகைக்கு நிலத்தைப் பயிரிடும் இராஜாங்கம் வந்து நடவு, களை, உரம் என்று எதைச் சொன்னாலும் "நீ பாத்து செய்யிப்பா" என்றாள். புருஷன் போனதும் இவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

பூனை நுழைந்தாலும் திருடன் நுழைந்தாலும் தெரியாது என்ற பயத்தில் பகலிலும் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கூப்பிட்டுப் பார்த்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனார்கள். டிவியை மட்டும் ஓடவிட்டிருந்தாள், மனித முகம் அசைவதைப் பார்ப்பதற்காக.

ஒரே மகள் ஷோபனா. தஞ்சாவூரில் படித்துக்கொண்டிருந்தபோது அஸார் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். "இனிமே இந்த வாசல்ல நின்னு அம்மான்னு கூப்டா நடக்கறதே வேற" என்று தியாகராசன் தெருவே கேட்கச் சொன்னார். ஆனந்தவல்லியின் போனையும் வாங்கி மகளின் நம்பரை அழித்தார். அவர் இறந்தபோது மகளுக்குச் சொல்லி அனுப்ப யாரும் துணியவில்லை. மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட ஆனந்தவல்லிக்குத் தெரியாது. ஆனால் என்றாவது வருவாள் என்று நினைத்தாள். வந்தால் கண்ணால் பார்க்கலாம். அதற்குக் காது எதற்கு?

இந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் ஒருநாள் பஸ் ஏறி மன்னார்குடி போனாள். தெப்பக்குளத்துக்குப் பின்னால் நஜ்மாவும் அவள் புருஷன் ஜெக்கரியாவும் வைத்திருக்கும் செல்போன் கடையில்தான் தியாகராசன் அவளுக்குப் போன் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"ரிங்கு சரியா வரல தங்கச்சி. போன் அடிக்கிறதே தெரிய மாட்டேங்குது" என்று மேசையில் வைத்தாள்.

நஜ்மா போனைத் திருப்பிப் பார்த்தாள். தன் போனிலிருந்து அதற்கு அழைத்தாள். ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெக்கரியா எச்சில் கையோடு எட்டிப் பார்த்து ஏதோ கத்தினார். ஆனந்தவல்லி நஜ்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? சத்தமே வரல பாரு" என்றாள்.

நஜ்மா போனை எடுத்து எதை எதையோ தொட்டாள். அதை மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, குனிந்து பேசினாள். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"அக்கா நான் பேசறது எழுத்தா வருதா பாருங்க."

ஆனந்தவல்லி எழுத்துக்கூட்டிப் படித்தாள். வந்தது.

"போனுக்கு ஒண்ணும் இல்லக்கா. அது அடிச்சதுல கடையே திரும்பிப் பாத்துச்சு. நீங்க மட்டும் பாக்கல."

அவள் சட்டென்று முந்தானையால் திரையை மூடினாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் படித்துவிட்டாரோ என்று பார்த்தாள். அவர் தன் ஆதார் நகலை எண்ணிக்கொண்டிருந்தார். முந்தானையை மெதுவாக விலக்கியபோது அடுத்த வரி வந்திருந்தது.

"இதுல என்னக்கா வெக்கம். எங்க மாமியாருக்கும் இப்படித்தான். நல்லது சொன்னா கேக்காது. நான் முணுமுணுத்தா மட்டும் மூணு ரூம் தாண்டிக் கேக்கும்."

படித்து முடித்த பிறகு ஆனந்தவல்லி சிரித்தாள். அதற்குள் நஜ்மா சிரித்து ஓய்ந்திருந்தாள். ஒருத்தர் பேசி, அதைக் கேட்டு, சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்ததும் கண் நிறைந்தது.

நஜ்மா ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். யாராவது அழைத்தால் போனின் டார்ச் மின்னி மின்னி அணையும். பேசுவதை எழுத்தாக்க இந்தப் பொத்தான். நீங்கள் பேசுவதை எழுதி அனுப்ப அந்த மைக் படம். இன்னொன்றும் இருந்தது. போனை வீட்டில் வைத்துவிட்டால் போதும், சுற்றி என்ன சத்தம் வருகிறது என்று அதுவே கேட்டு எழுதும். நாய் குரைத்தால், குக்கர் கத்தினால், குழந்தை அழுதால், கதவைத் தட்டினால்.

"ஆனா முழுசா நம்பிடாதீங்க. இது ஒரு அரை லூசு. பூனை கத்துனா கொழந்தை அழுவுதுங்கும். மழை பேஞ்சா கொழாயை மூடுங்கும்."

"வாசல்ல யாராச்சும் கூப்டா சொல்லுமா?"

"தட்டுனாத்தான் சொல்லும். உங்க தெருவுல எல்லாரையும் தட்டச் சொல்லிடுங்க."

"தெருவுல சொல்றதா!" என்றாள் ஆனந்தவல்லி. போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து போனை ஜன்னல் மேடையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது நடுங்கியது. 'நாய் குரைக்கும் ஒலி.' ஜன்னல் வழியே பார்த்தாள். இராஜாங்கத்தின் நாய் ஒரு ஆட்டைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குக்கர் வைத்து, அது எழுதுகிறதா என்று பார்த்தாள். எழுதியது. இரண்டு டம்ளர் அரிசி அன்றைக்கு வீணாயிற்று.

அடுத்த நாள் விடாமல் மழை. 'தண்ணீர் ஓடும் ஒலி' என்று அது நடுங்கிக்கொண்டே இருந்தது. "மழைடி, மழை. உனக்குத் தெரியாதா" என்று அதனிடம் சொன்னாள். மதில்மேல் பூனை வந்து வாயைத் திறந்தபோது 'குழந்தை அழும் ஒலி' என்றது. "பூனைடி" என்று திருத்தினாள். பேச ஓர் ஆள் கிடைத்தது போலத்தான் இருந்தது. ஆனால் நாலைந்து நாளில் அந்தச் சந்தோஷமும் வடிந்துவிட்டது. அன்றன்றைக்கு வந்த சத்தங்களை வரிசையாகத் தள்ளிப் பார்ப்பாள். நாய், தண்ணீர், பூனை. தண்ணீர், நாய். தன் வீட்டைச் சுற்றி இவ்வளவுதானா என்று இருந்தது. காது கேட்காததால்தான் வீடு இப்படி இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

மழை வெறித்த ஒரு காலையில் கெண்டை மீன் வாங்கிக் கொல்லையில் உட்கார்ந்து செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பூனை அவள் காலடியை விட்டு நகரவில்லை. குடல் எப்போது விழும் என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. மீனைக் கழுவி, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தாள். பூனையும் பின்னாலேயே வந்தது.

போனில் வரிகள் நின்றிருந்தன.

'கதவைத் தட்டும் ஒலி.' 'கதவைத் தட்டும் ஒலி.' 'குழந்தை அழும் ஒலி.' 'கதவைத் தட்டும் ஒலி.' 'நாய் குரைக்கும் ஒலி.'

கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. ரீடிங் எடுப்பவர் போன வாரம்தான் வந்து போனார். வாசல் சேற்றில் ஆட்டோ வந்து திரும்பிய தடம் இருந்தது.

"தட்டுனது யாரோ வழி தப்பி வந்தவங்க. அழுதது பூனை" என்று போனிடம் சொல்லிவிட்டு மீன் சட்டியை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். அந்நேரம் பூனை வாசல் பக்கம் இல்லை. பூனை கொல்லையில் அவளோடு அல்லவா இருந்தது?

அந்தத் தெருவில் குரல் கொடுக்காமல் கதவைத் தட்டுகிறவர் வெளியூர்க்காரர். அல்லது, இந்த வாசலில் நின்று கூப்பிடக் கூடாது என்று சொல்லப்பட்டவள்.

எதிர்வீட்டு மருமகள் சுடர்விழி கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. எந்நேரமும் வாசலில்தான் இருப்பாள். ஆனந்தவல்லி தெருவைக் கடந்தாள். பாதியில் திரும்பினாள். படியேறி வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டமாரம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மறுபடி இறங்கிப் போய், கீரை ஆய்ந்துகொண்டிருந்த சுடர்விழியின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"இதுல பேசும்மா. எனக்குக் காது கேக்காது."

சுடர்விழியின் கையிலிருந்த கீரை முறத்தில் விழுந்தது. அவள் பேசப் பேச எழுத்து ஓடியது.

"அய்யோ அத்தை. நான் எத்தனை தடவ கூப்ட்ருப்பேன். திரும்பிக்கூடப் பாக்காமப் போவீங்க. திமிரு புடிச்ச பொம்பளைன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட திட்டிருக்கேன்."

"அதை விடு. காலையில எங்க வீட்டுக்கு யாரு வந்தா?"

"ஒரு பொண்ணு அத்தை. உங்க மூக்குதான் அதுக்கும், அதான் சொந்தக்காரங்களோன்னு நெனச்சேன். துப்பட்டாவைத் தலையில போட்டுருந்துச்சு. தோள்ல ஒரு கைக்கொழந்தை. யாரு வேணும்னு கேட்டேன், பதில் சொல்லல. உள்ளதான் இருக்காங்க, டிவி ஓடுது பாருங்க, சத்தமாக் கூப்டுங்கன்னேன். கூப்டறதுக்கு வாயைத் தொறந்துச்சு. தெருவை ஒரு தடவ பாத்துச்சு. அப்பறம் கூப்டல. தட்டுச்சு. ரொம்ப நேரம் தட்டுச்சு அத்தை."

"போறப்ப ஏதும் சொல்லுச்சா?"

சுடர்விழி ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். பிறகு திரையில் வந்தது.

"ஆட்டோவுல ஏறுறப்ப சொல்லுச்சு. போன்லயே வேண்டாம் வேண்டாம்னு சொன்னவங்க, வீட்டுல மட்டுமா தொறக்கப் போறாங்கன்னு."

ஆனந்தவல்லி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். போனிலேயே வேண்டாம். எப்போது சொன்னாள்?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. ஆடி ஆவணியிலிருந்து ஒரு பெயரில்லாத நம்பர் அவ்வப்போது வரும். கையில் இருக்கும்போது போன் அதிர்ந்தால் எடுப்பாள். காதில் வைத்தால் வண்டு பறப்பது போல ஒரு உறுமல், அவ்வளவுதான். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாகத்தான் இருக்கும். புருஷன் இருந்தபோது அவருக்கு அப்படித்தான் ஓயாமல் வரும். அவர் சொல்லுவது போலவே இவளும், "வேண்டாம், எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், இனிமே பண்ணாதீங்க" என்று சொல்லி அணைத்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை கொஞ்சம் கோபமாகக்கூடச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா செத்துப்போனதை ஷோபனா யார் மூலமாகவோ கேள்விப்பட்டு, அம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்து, "அம்மா" என்று சொல்லியிருப்பாள். அதற்கு இவள் சொன்ன பதில் 'வேண்டாம்'.

அப்படியும் அவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பத்தடி தள்ளி இவள் மீன் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மீன் அப்படியே கிடந்தது. பூனை சட்டியை உருட்டியதை அவள் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

அந்த நம்பரைத் தேடி எடுத்தாள். வட்டத்துக்குள் சின்னதாக ஒரு படம். ஒரு ஆணின் தோளில் முகம் புதைத்துத் தூங்கும் குழந்தை. பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். முடி சுருட்டை. தியாகராசனுக்கும் சுருட்டை முடிதான்.

மைக் படத்தைத் தொட்டுப் பேசினாள். "ஷோபனா, நல்லா இருக்கியாம்மா" என்று வந்தது. ஊருக்குப் போய்வந்த பெண்ணைக் கேட்பது போல இருந்தது. அழித்தாள். "அப்பா செத்தப்ப உனக்குச் சொல்லாதது" என்று தொடங்கி முடிக்கத் தெரியாமல் அதையும் அழித்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகப் பேசுகிறாளா, வாய்க்குள் பேசுகிறாளா என்பதும் தெரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். சுடர்விழி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமாகத்தான் பேசியிருக்கிறாள் போலிருக்கிறது. இருக்கட்டும்.

கடைசியில் நின்ற செய்தி இதுதான்:

"எனக்கு ரெண்டு காதும் கேக்காதும்மா. நீ பேசுனது எனக்குத் தெரியாது. லோன்காரங்கன்னு நெனச்சு வேண்டாம்னு சொன்னேன். இன்னைக்கு கொல்லையில இருந்தேன். கொழந்தை அழுததை போன் சொல்லுச்சு. பூனைன்னு நெனச்சேன்."

அனுப்பியதும் ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் வரவில்லை.

அன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள், சமைத்ததில் உப்புப் போட்டோமா என்று தெரியாமல். இராஜாங்கம் வந்து எழுத்துப் பொத்தானைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சைகை காட்டினான். தெருவுக்கே தெரிந்துவிட்டது. போனை நீட்டினாள்.

"ஏன் அண்ணி சொல்லல? நான் ஒரு மணி நேரமா பயிர்ல பூச்சி விழுந்துருக்குன்னு பொலம்புவேன். நீங்க சந்தோஷமா சிரிப்பீங்க. அண்ணன் போன துக்கத்துல மூளை கலங்கிப்போச்சுன்னு நெனச்சேன்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. ஆனால் பாதியில் திரையை விரலால் மாற்றி டிக்கைப் பார்த்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், வந்தா கதவைத் தட்டுங்கன்னு" என்றான் அவன்.

"வேண்டாம்ப்பா. தட்ட வேண்டாம். நான் கதவைத் தொறந்தே வெக்கறேன். யாரா இருந்தாலும் உள்ள வந்துடுங்க."

சொன்னபடியே கதவை இரண்டு பக்கமும் தள்ளி, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்தாள். கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மறுநாள் முற்பகலில் இரண்டாவது டிக் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாக மாறின. மகள் படித்துவிட்டாள்.

எழுத்து எதுவும் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு வாய்ஸ் வந்தது. அவள் அதைத் தொட்டாள். ஒரு கோடு நகர்ந்து முடிந்தது. காதில் அழுத்தி வைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள். கோடு நகர்ந்தது. உறுமல்கூட இல்லை.

செருப்புப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினாள். சுடர்விழி விஷயத்தைப் புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

"காது கேக்கலன்னு சொன்னதுக்கு வாய்ஸ் அனுப்புது பாருங்க உங்க பொண்ணு. நல்லா படிச்ச பொண்ணு."

"அவ சின்னதுலேர்ந்து அப்படித்தான். கை ஓடாது, வாய்தான் ஓடும்" என்றாள் ஆனந்தவல்லி. மூச்சு இரைத்தது.

சுடர்விழி அந்த வாய்ஸைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். ஆனந்தவல்லியின் போனில் எழுத்துப் பொத்தானைத் தொட்டு இரண்டையும் முறத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். இரண்டு பெண்களும் குனிந்து வெள்ளைத் திரையைப் பார்த்தார்கள்.

முதலில் எழுத்து வரவில்லை. திரையின் அடியில் சின்னதாக 'அழும் ஒலி' என்று வந்தது. அது அப்படியே நின்றது. பிறகு ஒரே ஒரு சொல். "அம்மா." மறுபடி 'அழும் ஒலி.' அதன் பிறகு கோடு முடிந்துவிட்டது.

ஆனந்தவல்லி சுடர்விழியின் முழங்கையைப் பிடித்தாள்.

"அழுவறது யாரு? கொழந்தையா, அவளா?"

சுடர்விழி போனைத் தன் காதில் வைத்து இன்னொரு முறை கேட்டாள். கேட்கும்போது அவள் முகம் மாறியது. வாய் திறக்காமல் இரண்டு விரலைக் காட்டினாள்.

போனை வாங்கிக்கொண்டு ஆனந்தவல்லி தன் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தை முழுதாக வைத்து, போனை நெஞ்சோடு அழுத்தி அந்த வாய்ஸை ஓடவிட்டாள். எலும்பில் ஏதோ லேசாக அதிர்ந்தது. கொஞ்சம் அதிர்ந்து, நின்று, மறுபடி அதிர்ந்தது. எது 'அம்மா', எது அழுகை என்று பிரிக்கத் தெரியவில்லை. நாலாவது தடவைக்குப் பிறகு, நின்று மறுபடி தொடங்கும் இடம்தான் 'அம்மா'வாக இருக்கும் என்று அவளாக வைத்துக்கொண்டாள்.

பிறகு மைக்கைத் தொட்டாள்.

"கதவு தொறந்துதான் இருக்கு. நீ வாசல்லயே நின்னு கூப்டு. தெருவே கேக்கட்டும். எனக்குக் கேக்காது, சுடர்விழி வந்து சொல்லுவா. கொழந்தைக்கு என்ன பேரு? அதை மட்டும் எழுதி அனுப்பு."

ஒரு டிக் விழுந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. 'தண்ணீர் ஓடும் ஒலி' என்று போன் மடியில் நடுங்கியது. அவள் அதைத் திருத்தவில்லை. வாசலில் சேறு நிரம்பி, ஆட்டோ திரும்பிய தடம் கரைவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.